பைனரி ட்ரீயை மட்டம் மட்டமாக அச்சிடும்போது வரிசை மாறுவது ஏன்?

கேள்வி (மாணவர், பாளையங்கோட்டை):
பைனரி ட்ரீ (ஒவ்வொரு கணுவின் கீழும் அதிகபட்சம் இரண்டு பிள்ளைக் கணுக்கள் உள்ள மரம்) ஒன்றை மட்டம் மட்டமாக அச்சிடும் நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். நம் பக்கத்துக் கால்வாய்களையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். வேர் தாமிரபரணி, அதன் இடப்பக்கம் மருதூர் அணை, வலப்பக்கம் ஸ்ரீவைகுண்டம் அணை. மருதூரின் கீழ் மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டத்தின் கீழ் வடகாலும் தென்காலும் உள்ளன. கணுக்களை லிஸ்டில் இடம், வலம் என்ற முறையில் சேர்த்து, ‘பாப்’ மூலம் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். தாமிரபரணிக்கு அடுத்து ஸ்ரீவைகுண்டம், தென்கால், வடகால் என்று வந்துவிட்டு, மருதூர் ஐந்தாவதாகத்தான் வருகிறது. பிழை எங்கே இருக்கிறது?

பதில் 1:
தம்பி, வெறும் ‘பாப்’ லிஸ்டின் கடைசிக் கணுவைத்தான் எடுத்துத் தரும். அதனால் உங்கள் லிஸ்ட் கியூவாக (முதலில் சேர்ந்தது முதலில் வெளியேறும் வரிசை) இல்லாமல் ஸ்டாக்காக (கடைசியில் சேர்ந்தது முதலில் வெளியேறும் அடுக்கு) வேலை செய்கிறது. ஒரே காலைப் பிடித்துக்கொண்டு கடைமடை வரை போய்விட்டுத்தான் அடுத்த காலுக்குத் திரும்புகிறது. உங்களுக்குத் தேவை கியூ. தாமிரபரணியை எடுத்ததும் கியூவில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் நிற்கும். மருதூரை எடுத்ததும் ஸ்ரீவைகுண்டம், மேலக்கால், கீழக்கால் என்று நிற்கும். பிள்ளைகள் எப்போதும் வால்பக்கம் சேர்வதால், மேல்மட்டம் முழுதும் தீராமல் கீழ்மட்டம் தொடங்காது. (ஆற்றுப்போக்கில் ஸ்ரீவைகுண்டம் மருதூருக்குக் கீழே இருப்பது வேறு விஷயம்; மரம் இப்படியே இருக்கட்டும்.)

பதில் 2:
அதற்காகப் ‘பாப்’புக்குள் சுழியம் கொடுத்துவிடாதீர்கள். விடை சரியாக வரும்; ஆனால் ஒவ்வொரு முறையும் மீதிக் கணுக்கள் அனைத்தும் ஓரிடம் முன்னே நகர்த்தப்படும். ஏழு கணுக்களில் இது தெரியாது. 20 மட்டங்கள் நிறைந்த மரத்தில் 10,48,575 கணுக்கள் இருக்கும், கடைசி மட்டத்தில் மட்டும் 5,24,288 கணுக்கள் கியூவில் நிற்கும் என்பதால், அங்கே நிரல் நகரவே நகராது. ‘கலெக்‌ஷன்ஸ்’ தொகுதியிலுள்ள ‘டெக்’கை (இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய வரிசை) எடுத்து, முன்பக்கக் கணுவை எடுக்கும் ‘பாப்லெஃப்ட்’ பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது, அண்ணாச்சி. ஒவ்வொரு மட்டத்தையும் தனி வரியில் அச்சிட என்ன செய்ய வேண்டும்? ஜாவாவில் முயன்றபோது முதல் வரியிலேயே நான்கு பெயர்கள் வந்துவிட்டன.

பதில் 1:
கியூவின் நீளத்தைச் சுழற்சியின் நிபந்தனைக்குள்ளேயே கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் சேரச் சேர அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். மட்டம் தொடங்கும் முன்பே நீளத்தை ஒரு மாறியில் குறித்துக்கொண்டு, அத்தனை கணுக்களை மட்டும் எடுத்துவிட்டு வரியை முடியுங்கள். 1, 2, 4 பெயர்கள் என்று மூன்று வரிகளாக வரும்.