கருவிழியில் பசை வைத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் தேவை

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்குக் கருவிழியில் புண் வந்து, அது ஆழமாகி நடுவில் சின்னதாக ஓட்டை விழுந்துவிட்டது. தையல் போட்டால் சுற்றியுள்ள மெலிந்த திசு தாங்காது என்று சொல்லி, டாக்டர் சயனோஅக்ரிலேட் என்ற, சட்டென்று ஒட்டும் பசையால் அடைத்து, மேலே பேண்டேஜ் லென்ஸ் (கண்ணைப் பாதுகாக்கும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்) வைத்திருக்கிறார். 2 மி.மீ. அளவுக்குள் இருக்கும் ஓட்டைகளுக்கு இது நல்ல வழி என்றும், அடியில் புதுத் திசு வளர்ந்ததும் பசை தானாகவே உதிரும் என்றும் விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் நீர் கசிகிறதா என்று மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்தார்; கசிவு இல்லை. அதைக் கேட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

இந்தப் பசை காய்ந்ததும் கெட்டியாகி, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். லென்ஸ் இருந்தும் அப்பாவுக்கு உறுத்தல் இருக்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் புரதத்தால் ஆன ஃபைப்ரின் பசை மென்மையானது, உடம்பிலேயே கரைந்துவிடும் என்று படித்தேன். ஆனால் அது பிடிக்க நேரமாகும், பிடிப்பும் குறைவு. அதனால் டாக்டர் முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

இதை அனுபவித்தவர்களிடம் கேட்கிறேன்: பசை எத்தனை வாரம் நின்றது? நேரத்துக்கு முன்பே விழுந்து மறுபடி வைக்க வேண்டியிருந்ததா? பிறகு கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டதா, தழும்போடு பார்வை எவ்வளவு திரும்பியது? தூங்கும்போது கண் கவசம் எப்படிப் போட்டீர்கள்? அப்பா தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிடுவாரோ என்பதுதான் பெரிய பயம்.

கண் மருத்துவர்கள் யாராவது இருந்தால், அவசரமாக ஓடவேண்டிய அறிகுறிகள் எவை என்று தயவுசெய்து சொல்லுங்கள்.