கடலூரில் சின்ன பொட்டீக்: கடையையும் சந்தையும் சேர்த்து வளர்ப்பது எப்படி?

பாதிரிப்பூ:

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் 220 சதுர அடியில் பொட்டீக் தொடங்கப் போகிறோம். அட்வான்ஸ், ரேக், லைட் போகக் கையில் 4 லட்சம் நிற்கும். முன்பக்கம் குர்தி, சுடிதார் செட். பின்பக்கம் ஒரு பவர் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், ஆரி எம்பிராய்டரி போட ஒரு ஸ்டாண்ட். டெய்லர் ஒருவர், ஆரி போட ஒரு பெண் என்று பேசியாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் கூட்டம் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. சந்துக்குள் வளையல் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், பாத்திரக் கடை, டிபன் கடை என்று இருபது கடை இருந்தும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மாலைச் சந்தை ஒன்று நடத்தலாம் என்கிறார்கள், முன்னால் நிற்கும் பொறுப்பு எங்கள் தலையில்.

ரெடிமேடா, தையலா, எதில் அதிகம் போடலாம்? பாகூர், கிருமாம்பாக்கம் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். புதுச்சேரி என்பதால் வரியில் சிக்கல் வருமா? சந்தையை எப்படி நடத்துவது?

நூல்கண்டு:

தையலில் போடுங்கள். பெரிய ஜவுளிக்கடைகள் பத்தடி தூரத்தில் இருக்கும்போது ரெடிமேட் விலையில் அவர்களோடு மோத முடியாது. அங்கே சேலை எடுத்துவிட்டு, பிளவுஸை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு வெளியே வருகிற பெண்தான் உங்கள் வாடிக்கையாளர்.

ரெடிமேட் ஒன்றரை லட்சத்தைத் தாண்ட வேண்டாம். மொத்தக் கடைகளில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் நான்கையும் ஒரே செட்டாகத் தலையில் கட்டுவார்கள். எக்ஸ்எல் முதலில் போகும், எம் தங்கும். ஒரே டிசைனில் மூன்று செட் எடுப்பதைவிட மூன்று டிசைனில் ஒவ்வொரு செட் எடுங்கள். 400 ரூபாய்க்கு எடுத்ததை 640க்கு விற்றால் 240 நிற்கும். அதற்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 512, கையில் 112தான். பாதி லாபத்துக்கு மேல் போய்விட்டது, அதிலிருந்துதான் வாடகையும் கரன்ட் பில்லும் வர வேண்டும். ஆடி வந்ததும் கடை முழுக்கத் தள்ளுபடி எழுதாதீர்கள், தங்கிப்போன சைஸுக்கு மட்டும் எழுதுங்கள்.

உள்ளே வைக்கும் லைனிங், ஓரத்தில் வைக்கும் பைப்பிங், நூல், மணி, ஜரிக்கு 40,000 போதும். மீதியில் மூன்று மாத வாடகையும் சம்பளமும் பேங்கில் தொடாமல் கிடக்கட்டும்.

தையலில் கெடுவது பெரும்பாலும் தேதி. லைனிங் வைத்த சாதா பிளவுஸ் ஒரு கைதேர்ந்த டெய்லருக்கு நாளுக்கு 4 வரும், பைப்பிங், பேட்டர்ன் என்றால் 2. வாரத்துக்கு 24 வருகிறதே என்று 24 ஆர்டர் எடுத்தால் தொலைந்தீர்கள். 18 எடுங்கள். ஆல்டரேஷன், கரன்ட் கட், டெய்லர் வீட்டு விசேஷம் எல்லாம் மீதி ஆறில்தான் அடங்கும். "எப்போது வேண்டும்" என்று கேட்காமல் "விசேஷம் என்றைக்கு" என்று கேட்டு, அதற்கு நான்கு நாள் முன்னதாக டெலிவரி எழுதுங்கள். போட்டுப் பார்த்துச் சரிசெய்ய இடம் இருக்கும். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தத்தில் வேலை நிரம்பியதும் ஆர்டர் புத்தகத்தை மூடிவிட வேண்டும். மறுத்தால் அவர் அடுத்த மாதம் வருவார், தாலி கட்டும் அன்று காலை பிளவுஸ் வராவிட்டால் அந்தக் குடும்பமே வராது.

வாடிக்கையாளரிடம் துணியை வாங்கும்போதே விரித்துப் பாருங்கள். கறை, ஜரி இழுப்பு இருந்தால் அவர் முன்னாலேயே பில்லில் எழுதுங்கள். துணியின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி பில்லின் கடை நகலில் பின் அடித்துவிட்டால் மாறிப்போகாது. சேலையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். மார்பளவு 40க்கு மேல், முழங்கை வரை கை வேண்டும் என்றால் போதாது, அதை அப்போதே சொல்லிவிடுங்கள். லைனிங்கை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அயர்ன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். ஊறவைக்காத லைனிங் முதல் சலவையில் சுருங்கி, மேல் துணியை இழுத்துக் கொப்புளம் கொப்புளமாகக் காட்டும்.

ஆரிக்கு அளவைத் துணியில் வரைந்த பிறகே ஸ்டாண்டில் மாட்ட வேண்டும், வெட்டுவது கடைசியில். தையல் கோட்டிலிருந்து அரை அங்குலம் மணி இல்லாமல் விடச் சொல்லுங்கள். அங்கே மணி இருந்தால் ஊசி ஒடியும், தோள் சேரும் இடத்தில் டிசைனும் ஒட்டாது.

கணக்குப்பிள்ளை:

வரிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வாடிக்கையாளர் துணியைத் தைத்துக் கூலி வாங்குவது சேவை. அதனால் உங்களுக்கு 20 லட்சம்தான் வரம்பு, ரெடிமேடும் கூலியும் சேர்த்து. மாதம் 26 நாள், நாளுக்கு 6,500 ரூபாய் ஓடினாலே அதைத் தொட்டுவிடும்.

எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு மாநிலக் கணக்கு. பாகூர்க்காரர் கடைக்கு வந்து எடுத்துப் போவதில் பிரச்சினை இல்லை. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து அவர் கேட்ட குர்தியைக் கூரியரில் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. ஒரே ஒரு குர்தியானாலும் அதற்கு முன்பே பதிவு வேண்டும், 20 லட்சக் கணக்கு அங்கே செல்லாது. 2023 அக்டோபரிலிருந்து, பதிவில்லாத வாடிக்கையாளரின் முகவரியை பில்லில் எழுதினால் அந்த ஊரே விற்பனை நடந்த இடம். ஆக, கடையில் கையோடு வாங்கிப் போகிறவருக்கு எந்த மாதிரி பில் போடுவது என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாகூர்க்காரர் கொடுத்த துணியைத் தைத்து அனுப்பினால் அது சேவை, 20 லட்சம் வரை விலக்கு உண்டு.

புதுச்சேரியில் எக்ஸிபிஷன் ஸ்டால் போட ஆசைப்பட்டால் அங்கே தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். தொடங்க 5 நாள் முன்னாலேயே விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தாலோ வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது. பதிவு எடுத்த பிறகு விலையில் கவனம் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உடுப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2,500 ரூபாய் செட்டுக்கு வரி 125, 2,600 ரூபாய் செட்டுக்கு 468.

கெடிலக்கரை:

சந்தைக்கு நான் சொல்கிறேன். நல்ல காரியம், விடாதீர்கள். முதலில் பணம். கடைக்கு 500 வாங்கினால் 10,000 சேரும். அதை உங்கள் ஜிபே எண்ணில் வாங்கவே கூடாது. இரண்டு பேர் கையெழுத்தில் தனிக் கணக்கு திறந்து, செலவுச் சீட்டை மறுநாளே சந்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பொறுப்பு எடுத்தவர் பெயர் கெடுவது இந்த இடத்தில்தான்.

மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் ஒரு சனிக்கிழமை, மாலை 5 முதல் 9 வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வேண்டாம். மாசி மகத்தன்று ஊரே தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருக்கும், அன்றும் வேண்டாம். ஆடியில் எல்லாக் கடையும் ஈயோட்டும், அப்போது வையுங்கள். மாநகராட்சிக்கும் போலீஸுக்கும் இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். மைக்குக்குப் போலீஸ் அனுமதி தனி, இரவு 10க்கு மேல் போடவே கூடாது. சந்தின் நடுவில் 12 அடியை ஆம்புலன்ஸுக்காக விட்டுவிட்டு மேஜை போடுங்கள். அனுமதியில்லாமல் பேனர் கட்டாதீர்கள்.

பாதிரிப்பூ:

இவ்வளவு தெளிவாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். சந்தில் எங்கே வாங்கினாலும் ஒரு கூப்பன், கடைசியில் குலுக்கல், முதல் பரிசு பட்டுச்சேலை என்று பேசியிருக்கிறோம். சரிதானே?

கெடிலக்கரை:

வேண்டவே வேண்டாம். பொருள் வாங்கியவருக்குக் குலுக்கலில் பரிசு கொடுப்பதை 1979ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. பெரிய கம்பெனி விளம்பரங்களில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் வருவதற்கு இதுதான் காரணம். குலுக்காமல் எல்லோருக்கும் கொடுங்கள். ஒரு அட்டை, அதில் நான்கு கடை முத்திரை விழுந்தால் ஒரு மஞ்சப்பை. ஆட்கள் உள்ளே நான்கு கடை ஏறுவார்கள், அதுதானே வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை இருப்பதால் பையும் வீணாகாது. 36 அங்குல அகலக் காடாத் துணி 2 மீட்டர் எடுத்து 15 அங்குலப் பட்டைகளாக வெட்டினால் 5 பை வரும். கைப்பிடிக்கு நாடா 18 அங்குலம், பைக்கு இரண்டு. அச்சில் உங்கள் கடைப் பெயர் மட்டும் வராமல், சந்தின் பெயரும் இருபது கடைப் பெயரும் வரட்டும்.

கடல்காற்று:

நூல்கண்டு சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ரெடிமேடை அவ்வளவு சுருக்கினால் முன்பக்கம் வெறிச்சென்று இருக்கும், புது ஆள் ஏற மாட்டார். குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடையை நீங்களே தைத்து மாட்டுங்கள். முதலீடு குறைவு, லைனிங்குக்குக் கடையில் இருப்பதே போதும், டெய்லர் சும்மா இருக்கும் மார்கழியில் தைத்து வைத்தால் தை பிறந்ததும் போகும். போர்டில் தமிழ்ப் பெயர் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, மற்றதற்கு 2 என்ற அளவு. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலியும் 2021 முதல் சட்டப்படி கட்டாயம்.

கடலூர் உப்புக்காற்றை யாரும் சொல்லவில்லை. இரும்பு ஹூக் சில மாதத்தில் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை வைக்கும். விலை கூடினாலும் பித்தளை ஹூக் அல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் ஹூக் வாங்குங்கள். பட்டுத் துணியையும் ஜரியையும் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று ஜரி கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரியில் படக்கூடாது. 2015லும் 2024லும் வெள்ளம் பார்த்த ஊர் இது. ரேக்கின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 2 அடியாவது உயரட்டும், ப்ளக் பாயிண்ட் அதற்கும் மேலே. அக்டோபர் பிறந்ததும் வாடிக்கையாளர் துணி முழுவதையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். உங்கள் சரக்கு நனைந்தால் நஷ்டத்தோடு போகும், அவர்கள் கல்யாணச் சேலை நனைந்தால் ஈடு கொடுக்க வழியே இல்லை.