அவசர உதவி: கரை வேட்டியோடு ஓட்டுப் போட உள்ளே விடுவார்களா?

சேர்வராயன்_பேரன் | மாலை 6.10

நாளை மறுநாள் ஓட்டு. தாத்தா கட்சிக் கரை வேட்டியில்தான் வருவேன் என்கிறார். போன தடவை வாசலிலேயே ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, வேட்டியை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த மனுஷன் திரும்பிப் போகவே இல்லை. ஓட்டுப் போடாமலே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவையும் அப்படி ஆகக் கூடாது. உள்ளே விடுவார்களா, மாட்டார்களா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். இங்கே சிக்னல் வரும், போகும்.

காப்பித்தோட்டம் | 6.24

எந்த ஊர்? தாத்தா ஓட்டுப் போட மட்டும் வருகிறாரா, பூத் ஏஜென்டாக உட்காருகிறாரா? வயசு என்ன? வேட்டியில் கரை மட்டுமா, சின்னமும் நெய்திருக்கிறதா? போன தடவை என்றால் 2024 நாடாளுமன்றத் தேர்தலா, அதற்கு முந்தியதா? அப்போதே யாரிடமாவது புகார் சொன்னீர்களா? ஏற்காடு பக்கம் என்றால் நாடாளுமன்றத்துக்கு நாம் கள்ளக்குறிச்சித் தொகுதி. சேலம் தொகுதி என்று நினைத்துத் தவறான இடத்தில் புகார் சொன்னவர்கள் எனக்கே தெரிந்து இருக்கிறார்கள்.

பூத்_அனுபவம் | 6.31

தாத்தா ஏஜென்ட் என்றால் கதையே வேறு. நான் மூன்று தேர்தலில் உட்கார்ந்திருக்கிறேன். ஏஜென்டாக நியமிக்கிற படிவம் 10 கையில் இருக்க வேண்டும். ஓட்டுப்பதிவுக்கு 90 நிமிஷம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும், அதற்குள் அங்கே இருக்க வேண்டும். எந்த வேட்பாளரின் ஏஜென்ட் என்று பெயர் எழுதிய பேட்ஜ் மட்டும் குத்திக்கொள்ளலாம். சின்னம், தலைவர் படம் எதுவும் கூடாது. நான் எப்போதும் வெறும் வெள்ளை வேட்டிதான் கட்டிப் போவேன். ஏஜென்ட்தானே?

தலைமையாசிரியர்_ஓய்வு | 6.50

இந்தக் கேள்வி ஒவ்வொரு தேர்தலுக்கும் இங்கே வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஆறு தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 130. வாக்குப்பதிவு நாளில் சாவடியிலும் அதைச் சுற்றியும் ஓட்டுக் கேட்கக் கூடாது, தேர்தல் சம்பந்தமான எந்த அறிவிப்பையும் அடையாளத்தையும் காட்டக் கூடாது. மீறினால் 250 ரூபாய் வரை அபராதம். தலைமை அலுவலர் கையேட்டிலும் தெளிவாக இருக்கிறது: வேட்பாளர் பெயர், தலைவர் பெயர், சின்னம், படம் உள்ள பேட்ஜ் முதலியவற்றை அணிந்து வருபவரை அனுமதிக்கக் கூடாது. அது பிரசாரம் ஆகிவிடும். 200 மீட்டருக்குள் கட்சி அடையாளம் எதுவும் கூடாது. கரை வேட்டி கட்சி அடையாளம் என்பது ஊருக்கே தெரியும். வெள்ளை வேட்டி கட்டச் சொல்லுங்கள், முடிந்தது.

அம்மாப்பேட்டை_தறி | 7.15

ஐயா, நீங்கள் சொன்ன பட்டியலிலேயே கரை இல்லையே. பெயர், சின்னம், படம். கரை என்பது நிறம்தான். நான் தறிக்காரன், இருபது வருஷமாகக் கரை போடுகிறேன். மயில்கண் கரைக்கு யாராவது கட்சி சொல்வார்களா? அதே தறி, அதே நூல். பாவில் ஓரத்து நூலின் நிறத்தை மாற்றினால் ஒரு கட்சி, இன்னொரு நிறம் சேர்த்தால் இன்னொரு கட்சி. நிறத்தைப் பார்த்து ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

தம்பி, ஒரு வழி சொல்கிறேன். நாலு முழ வேட்டியை மடித்துக் கட்டினால் கீழ்க்கரை மேலே ஏறி இடுப்புக்கு வந்துவிடும். மேலே சட்டையை விட்டுக்கொண்டால் கரை வெளியே தெரியாது. காசு செலவும் இல்லை.

சேர்வராயன்_பேரன் | 8.02

ஊர் மலை மேல், பெயர் வேண்டாம். ஏஜென்ட் இல்லை, வெறும் வாக்காளர். 81 வயது, நன்றாக நடப்பார். கரை மட்டும்தான், சின்னம் இல்லை. போன தடவை என்றது 2024. புகார் எதுவும் சொல்லவில்லை.

அண்ணா, நீங்கள் சொன்னபடி மடித்துக் கட்டச் சொன்னேன். ஓட்டுப் போடுகிற இடத்தில் அதிகாரிகள் முன்னால் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதா, கோயிலுக்குள் அப்படிப் போவாயா என்று திட்டினார். வாசலில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவாராம். இறக்கினால் கரை தெரியுமே.

காப்பித்தோட்டம் | 8.11

81 வயதா! அப்படியென்றால் வீட்டிலிருந்தே தபால் ஓட்டு போடலாமே. அதிகாரிகளே பெட்டியோடு வீட்டுக்கு வருவார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு 2021இல் எஸ்டேட் லைன் வீட்டுக்கே வந்தார்கள். வீட்டுக்குள் அவர் எந்த வேட்டி கட்டினால் யாருக்கு என்ன?

வாழப்பாடி_வக்கீல் | 8.30

2021இல் 80 வயது தாண்டினால் போதும். 2024இல் அதை 85 ஆக்கிவிட்டார்கள். தாத்தாவுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. 85 ஆகியிருந்தாலும் வீட்டிலிருந்து ஓட்டுப் போடக் கேட்கிற படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கதவு மூடிவிட்டது.

இன்னொரு திருத்தம். பிரிவு 130 சொல்வது 100 மீட்டர். சார் சொன்ன 200 மீட்டர், கட்சிக்காரர்கள் மேசை போட்டு பூத் சிலிப் கொடுக்கிற இடத்துக்கான பழைய கணக்கு. 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் அதையும் 100 மீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம், தம்பி இதைத் தாத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள். பிரிவு 132. சாவடியில் ஒழுங்கீனமாக நடப்பவரை, தலைமை அலுவலரின் சட்டப்படியான உத்தரவைக் கேட்காதவரை, வெளியேற்ற அதிகாரம் உண்டு. ஆனால் அதன் 2ஆவது உட்பிரிவு, அந்தச் சாவடியில் ஓட்டு உள்ள ஒருவருக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பே இல்லாமல் போகும்படி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உங்கள் வேட்டியை மாற்றுங்கள், மறையுங்கள் என்று சொல்லலாம். உங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்ல முடியாது. 2024இல் அவர் திரும்பிப் போயிருந்தால் கட்டாயம் விட்டிருப்பார்கள். தன்னைத் துரத்திவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தலைமையாசிரியர்_ஓய்வு | 8.52

100, 200 பற்றி வக்கீல் தம்பி சொன்னது சரி. 2025 மாற்றம் எனக்குத் தெரியாது, நான் கடைசியாக வேலை பார்த்தது அதற்கு முன். ஆனால் கரை வெறும் நிறம் என்பதை ஏற்க மாட்டேன். நான் தலைமை அலுவலராக இருந்த இடத்தில் ஒருவர் கரை வேட்டியோடு வரிசையில் நின்றார். பத்து நிமிஷத்தில் எதிர்க்கட்சி ஏஜென்ட் எழுந்து சத்தம் போட்டார். அடுத்து இன்னொருவர் போய்த் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் பயந்து ஒதுங்கினார்கள். சட்டத்தில் கரை என்ற வார்த்தை இல்லாமல் இருக்கலாம். அங்கே உட்கார்ந்து அமைதியைக் காப்பாற்ற வேண்டியவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

மினசோட்டா_சேலத்தான் | 9.05

சூரமங்கலத்துக்காரன், இப்போது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறேன். இதே சண்டை இங்கே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010இல் ஒருவர் அரசியல் வாசகம் உள்ள சட்டையும் பேட்ஜும் போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போனார். நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பெயரைக் குறித்துக்கொண்டு ஓட்டுப் போட விட்டார்கள். சாவடிக்குள் அரசியல் உடை கூடாது என்ற மாநிலச் சட்டத்தை 2018இல் 7க்கு 2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரசாரத்தைத் தடுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. எது அரசியல், எது இல்லை என்று தெளிவாக எழுதாமல், அங்கே நிற்கிற ஊழியரின் மனசுக்கு விட்டுவிட்டீர்களே என்றார்கள். தறிக்கார அண்ணன் கேட்பதும் அதே கேள்விதான்.

தலைமையாசிரியர்_ஓய்வு | 9.12

அமெரிக்கத் தீர்ப்பை வைத்துக்கொண்டு மலைக் கிராமத்துச் சாவடியில் என்ன செய்வது? பேரன் கேட்டது நாளை மறுநாளுக்கு.

அம்மாப்பேட்டை_தறி | 9.20

செய்ய ஒன்றுமில்லை, ஆனால் கேள்வி சரியானது. சட்டைப் பாக்கெட்டில் வெளியே தெரிகிற மாதிரி தலைவர் படம் வைத்துக்கொண்டு வருகிறவனை விட்டுவிடுகிறார்கள். விரலில் தலைவர் முகம் பதித்த மோதிரம் போட்டவனையும் விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் படம் என்று இருந்தும்! வேட்டி கட்டின கிழவர்தான் கண்ணில் படுகிறார்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு | 9.28

பெரிய ஆட்கள் என்றால் ஊரே பேசும், சின்ன ஆட்கள் திண்ணையோடு போய்விடுவார்கள். 2014இல் மோடி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து தாமரைச் சின்னத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டதற்கு அகமதாபாத்தில் வழக்குப் பதிவானது. 2021இல் உதயநிதி கட்சிச் சின்னம் உள்ள சட்டை போட்டு ஓட்டுப் போட வந்தார் என்று அ.தி.மு.க. புகார் கொடுத்தது. அதே நாள் விஜய் சிவப்பு கறுப்பு சைக்கிளில் வந்ததற்கு எவ்வளவு அர்த்தம் சொன்னார்கள்!

பூத்_அனுபவம் | 9.33

சைக்கிளையும் சின்னத்தையும் ஒன்றாகப் பேசக் கூடாது. சைக்கிளுக்கு நிறம் இருக்கும், அதனால் அது கட்சியா?

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு | 9.35

வேட்டிக்கும் நிறம்தானே இருக்கிறது? அதைத்தான் நானும் கேட்கிறேன்.

நெறியாளர் | 9.50

தலைவர்கள் பேச்சு இதோடு போதும். வேறு இழையில் தொடருங்கள். இங்கே ஒரு பெரியவர் ஓட்டுப் போடுவதற்கு வழி தேடுகிறோம்.

சேர்வராயன்_பேரன் | இரவு 10.41

சிக்னல் போய்விட்டது, இப்போதுதான் எல்லாம் படித்தேன். வக்கீல் அண்ணா எழுதியதைத் தாத்தாவுக்கு வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கையில் கட்சிச் சின்னம் பச்சை குத்தியிருக்கிறார், சின்ன வயசில் குத்தியது. பெரிதாகவே இருக்கும். அது பிரச்சினையா?

தலைமையாசிரியர்_ஓய்வு | 10.55

இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மாலையிலிருந்து எல்லோரும் வேட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கரை விவாதத்துக்குரியது, சரி. சின்னம் விவாதத்துக்கே இடமில்லாதது, கையேட்டில் நேரடியாக இருக்கிறது. எந்தக் கை? இடது கையா?

பூத்_அனுபவம் | 11.02

இடது கை என்றால்தான் யோசிக்க வேண்டும். மை வைக்க இடது கையைத்தான் மேசை மேல் நீட்ட வேண்டும். ஏஜென்ட்கள் எல்லோரும் அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தலைமையாசிரியர்_ஓய்வு | 11.10

முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கட்டும். மை ஆள்காட்டி விரல் நுனியில் நகத்தின் மேல் வைப்பது, அதற்காகக் கையை மேலே தூக்கிச் சுருட்ட வேண்டியதில்லை. அவரே பழக்கத்தில் சுருட்டிவிடுவார், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சையைக் கழற்ற முடியாது என்பது எந்த அலுவலருக்கும் தெரியும். மறைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். யாராவது நிறுத்தினால் வாசலில் இருக்கிற போலீஸ்காரரோடு பேசிக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே இருக்கிற தலைமை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். முடிவு அவருடையது. அவரும் இல்லையென்றால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் செய்யுங்கள். முக்கியமாக, பெரியவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். மலை ஏறி இறங்கித் திரும்பி வர அவருக்கு மனசு வராது. 2024இல் நடந்ததும் அதுதான்.

வாழப்பாடி_வக்கீல் | 11.18

சார் சொன்னபடியே செய்யுங்கள். 100 மீட்டர் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டிருப்பார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் இஷ்டம். போனை அணைத்துவிட்டு வாசலில் இருக்கிற பையில் போட்டுவிட்டு உள்ளே போங்கள், போன் உறையில் கொடி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

அம்மாப்பேட்டை_தறி | மறுநாள் காலை 6.40

தம்பி, கரையைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சண்டை போட வேண்டியவர்கள் நாங்கள், தாத்தா இல்லை. வீட்டில் வெறும் வெள்ளை வேட்டி இருக்கிறதா? இல்லையென்றால் இன்று டவுனுக்கு இறங்குகிற யாரிடமாவது சொல்லி வாங்கி வரச் சொல்லுங்கள். ஓரத்தில் மெல்லிசாக ஒரே நிறத்தில் கோடு போட்டது கிடைக்கும், பார்க்கவும் மொட்டையாக இருக்காது.

காப்பித்தோட்டம் | காலை 9.15

என்ன முடிவு செய்தீர்கள்? எந்தக் கை என்று சொல்லவே இல்லையே?

காப்பித்தோட்டம் | அடுத்த நாள் மாலை 5.30

ஓட்டு முடியப் போகிறது. போனாரா?

சேர்வராயன்_பேரன் | மூன்று நாள் கழித்து, காலை 8.05

மன்னிக்கவும், சிக்னல் இல்லை. போட்டுவிட்டார். மெல்லிசுக் கோடு வேட்டி, என் முழுக்கைச் சட்டை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கரை வேட்டியை மஞ்சள் பையில் மடித்து எடுத்து வந்திருந்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் டீக்கடைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் டீ குடித்தார். எல்லோருக்கும் நன்றி.

அம்மாப்பேட்டை_தறி | 8.20

சந்தோஷம் தம்பி. அந்தக் கோடு வேட்டியை முதல் தடவை தனியாக நனையுங்கள், சாயம் இறங்கும்.