வெள்ளத்துல முங்குன லேப்டாப்: டேட்டா மட்டும் எடுக்கணும்

கொக்கிரகுளம்_மண்டி:
ஆத்துத் தண்ணி கடைக்குள்ள ஏறி, லேப்டாப் ராத்திரி பூரா சகதித் தண்ணில கிடந்துட்டு. விண்டோஸ் 11, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கூட 1 டிபி ஹார்ட் டிஸ்க். இன்னும் ஆன் பண்ணலை. லேப்டாப் போனா போவுது, டாலி சாஃப்ட்வேர்ல போட்ட கணக்கு வேணும், அது ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கும்னு நினைக்கேன். அரிசிக்குள்ள போடுங்காவ, வெயில்ல வைங்காவ. எது சரி அண்ணாச்சி?

பாளை_போர்டுவேலை:
ரெண்டும் வேண்டாம். அரிசி சகதியையும் உப்பையும் எடுக்காது, மதர்போர்டை அரிக்கதே அதுதான். ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி மாட்டியிருந்தா சில லைன்ல கரண்ட் நிக்கும். ஈரத்துல அங்க செம்பு கரைஞ்சு பச்சை பூக்கும். முதல்ல அடிமூடியைக் கழட்டி பேட்டரி கனெக்டரை உருவுங்க. பேட்டரி உப்பியிருந்தா நெம்பாதீய, அப்படியே வெட்டவெளியில தள்ளி வைங்க.

அடுத்து, எஸ்எஸ்டிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வைத்தியம் நேரெதிர். முன்னதைக் கழுவிக் காயவைக்கணும், பின்னதைக் காயவே விடக்கூடாது.

எஸ்எஸ்டி வெறும் சிப்பு பதிச்ச சின்னப் பட்டை, ஒத்தை ஸ்க்ரூலதான் நிக்கும். கழட்டி, ஸ்டிக்கரை போட்டோ எடுத்துட்டு உரிச்சிருங்க, அதுக்கடியில தண்ணி தங்கும். இன்வெர்டர் பேட்டரிக்கு ஊத்துத டிஸ்டில்டு வாட்டர்ல அலசுங்க. அப்புறம் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, மெதுவான டூத் பிரஷ்ஷால சிப் ஓரத்தையும் தங்கக்காலையும் தேய்ங்க. மொபைல் ஸ்பேர் கடையில ஐபிஏன்னு கேட்டா தெரியும். 70 சதவீதம் வாங்காதீய, மீதி தண்ணிதான். அடுப்பு பக்கம் வச்சுத் தேய்க்காதீய, தீப்பிடிக்கும். ஒரு நாள் ஃபேன் காத்துல காயட்டும், ஹேர் டிரையர் வேண்டாம்.

காஞ்சதும் என்விஎம்இ யூஎஸ்பி என்க்ளோஷர்ல (எஸ்எஸ்டியை யூஎஸ்பில மாட்டுத டப்பா) போட்டு வேற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. சாட்டாங்கிற வேற வகை எஸ்எஸ்டிக்கான என்க்ளோஷர் வாங்கிட்டா டிரைவே தெரியாது. ரெண்டு வகை எஸ்எஸ்டியையும் ஏத்துக்க ரியல்டெக் 9210பி சிப் உள்ளது நல்லது. மாட்டின சில செகண்ட்ல விரல் வைக்க முடியாத சூடு வந்தா உடனே உருவுங்க, ஏதோ கெப்பாசிட்டர் ஷார்ட். அதை மாத்தினா பல சமயம் எழுந்துரும்.

மேலப்பாளையம்_ரெக்கவரி:
ஹார்ட் டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டர்லயும் மாட்டிப் பாக்காதீய, ஒரு தடவை கூட. அதுல மூச்சுத்துளைன்னு சின்ன ஓட்டை உண்டு, முங்குனா தண்ணி உள்ள போயிரும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு மண்துகள் இருந்தாலும் சுத்துனவுடனே தட்டைக் கீறிப் போடும். ஈரத்துணி சுத்தி ஜிப்லாக் கவர்ல அடைச்சு, தண்ணில முங்குனதுன்னு எழுதி தூசியில்லாத கிளீன் ரூம் உள்ள லேபுக்கு அனுப்பணும். டிஸ்க்கோட அடியில இருக்க போர்டை மட்டும் மாத்தினா ஓடும்னு யாராவது சொன்னா நம்பாதீய. அந்தப் பழைய போர்டுல இருக்க ரோம் சிப்புல அந்த டிஸ்க்குக்கான அளவீடு இருக்கு, அந்தச் சிப்பையும் புது போர்டுக்கு மாத்திச் சாலிடர் பண்ணணும்.

ஆனா காசு செலவழிக்க முன்னாடி எஸ்எஸ்டியைப் பாருங்க. டாலி பிரைம்ல இடத்தை நீங்களா மாத்தலைன்னா டேட்டா சி டிரைவ்லதான் விழும்: யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா. உள்ள வெறும் நம்பரைப் பேரா வச்ச ஃபோல்டர் ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி. டெஸ்க்டாப்ல சேமிச்ச பில்லும் சி-லதான் இருக்கும்.

கொக்கிரகுளம்_மண்டி:
எஸ்எஸ்டி தெரியுது! ஆனா பூட்டுப் படம் போட்டு ரெக்கவரி கீ கேக்கு. விண்டோஸ் பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்கு.

பாளை_போர்டுவேலை:
பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிரைவைப் பூட்டுத வசதி. சாவி பழைய மதர்போர்டுல இருக்க டிபிஎம்ங்கிற பாதுகாப்புச் சிப்புல கிடக்கு, அதான் வேற கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு செல்லாது. 48 இலக்க எண் வேணும். லேப்டாப்பை முதல்ல செட்டப் பண்ணின மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டை போன்ல திறந்து, டிவைசஸ்ல பிட்லாக்கர் கீ பாருங்க. கீ ஐடியோட முதல் எட்டு எழுத்து திரையில இருக்கதோட பொருந்தணும். கடைக்காரப் பையன் ஈமெயில்ல செட்டப் பண்ணியிருந்தா அவன்கிட்டதான் கேக்கணும். எங்கயும் கீ இல்லைன்னா பழைய மதர்போர்டை உயிர்ப்பிக்கிறது ஒண்ணுதான் வழி, அதனால போர்டைத் தூக்கிப் போட்டுராதீய.

திறந்ததும் டாலி ஃபோல்டரை முதல்ல காப்பி பண்ணுங்க, படமெல்லாம் பிறகு. நடுவுல டிரைவ் விட்டு விட்டுப் போச்சுன்னா திரும்பத் திரும்ப இழுக்காம, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கிற சாஃப்ட்வேர் வச்சு முழு இமேஜ் (டிரைவோட அச்சு நகல்) எடுத்துட்டு அதுல இருந்து எடுங்க.