லயத்துப் படத்தில் இருந்த ஆஸ்ட்ரோ தட்டை அழித்துவிட்டேன், இனி அது கலைப் படம்தானா?

லயத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். எங்கள் தோட்டத்துப் பழைய லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, அடுத்த வருடம் உடைக்கப் போகிறார்கள். கித்தா (ரப்பர்) மரமெல்லாம் போய் செம்பனை வந்து ரொம்ப நாளாகிவிட்டது, மிச்சம் இருப்பது இரண்டு வரிசை வீடுதான். ஆறு மாதமாக விடியற்காலையில் போய் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கிறேன், அதில் 12 படத்தைத் திருவிழா சமயத்தில் கோயில் மண்டபத்தில் மாட்டலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு படத்தில் பனிக்கு நடுவே லயத்து வரிசை, தகரக் கூரை மேல் ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) தட்டு, குறுக்கே மின்கம்பி. படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, தட்டையும் கம்பியையும் விரலால் தேய்த்தேன், சில விநாடியில் போய்விட்டது. படம் அவ்வளவு அழகாக வந்தது. தாத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது எந்தத் தோட்டத்து லயம்மா?” என்றார். கண் மங்கிய பிறகு அந்தத் தட்டை வைத்துத்தான் நம் வீட்டை அடையாளம் பார்ப்பாராம். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கலைப் படம் என்றால் இப்படி மாற்றலாமா?

இன்னொன்று, போன வருடம் டவுன் கடையில் போட்ட பிரிண்ட் சுவரிலேயே வெளிறிவிட்டது. இந்தத் தடவை என்ன செய்வது?

இருட்டறை_அண்ணன்:
தங்கச்சி, மாற்றுவது கணினி வந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. 1857-லேயே ரேலாண்டர் என்ற புகைப்படக்காரர் 30-க்கும் மேற்பட்ட நெகடிவை ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1944-ல் எடுத்த சியரா நெவாடா மலை விடியல் படத்தில், மலைச்சரிவில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் கல்லால் எழுதிவைத்த இரண்டு எழுத்துகள் இருந்தன, அதை நெகடிவிலேயே மறைத்துவிட்டார். சிலர் குறை சொன்னதையும் சேர்த்து அவரே எழுதியும் வைத்தார். நானும் இருட்டறையில் கையை விளக்குக்கு அடியில் ஆட்டி ஆட்டி வானத்தைக் கறுப்பாக்கியவன்தான், ஒரு நல்ல பிரிண்டுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போகும். அந்த ராத்திரி முழுக்க, இது தேவையா தேவையா என்று யோசித்துக்கொண்டே இருப்போம். சில விநாடியில் முடிந்தால் யோசிக்க எங்கே நேரம்? எனக்கு டிஜிட்டலில் பெரிய மாற்றமாகப் படுவது இதுதான். மாற்றியது தப்பில்லை, ஆனால் மாற்றினேன் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடு.

கம்பார்_கேமரா:
அண்ணா சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி முடியாது. ஜெர்மன் புகைப்படக் கலைஞர் குர்ஸ்கி ரைன் ஆற்றை எடுத்த ‘ரைன் 2’ படத்தில் எதிர்க்கரைக் கட்டடங்களைக் கணினியில் எடுத்துவிட்டார், அது 2011-ல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. ஜெஃப் வால் என்ற புகைப்படக் கலைஞர் 1993-ல் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து ஒரே காற்றடிக்கும் காட்சியை உண்டாக்கினார். இரண்டும் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஆனால் அந்த ஆற்றங்கரையைப் பார்த்து என் வீடு எங்கே என்று யாரும் தேடப் போவதில்லை. உங்கள் படம் மாட்டப் போவது கோயில் மண்டபத்தில், பார்க்க வருகிறவர்கள் அந்த வீட்டில் பிறந்தவர்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். ஆடம்ஸ் மறைத்தபோது அவர் கைதான் மறைத்தது. நீங்கள் தட்டைத் தேய்த்ததும் அந்த இடத்தில் இருக்கிற தகரம் கைப்பேசி ஊகித்து வரைந்தது. அந்தத் துரு உங்கள் வீட்டுத் துரு இல்லை. 2023-ல் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர் ஏஐ உருவாக்கிய படத்தை சோனி உலகப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பி, பரிசு வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், புகைப்படமும் இதுவும் ஒரே போட்டியில் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால் தட்டு இருக்கட்டும். பனியில் நிற்கிற பழைய லயமும் மேலே அந்தத் தட்டும் சேர்ந்ததுதான் நம் காலத்துத் தோட்டம்.

அச்சுமை:
அக்கா, நான் பிரிண்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். கேமரா பதிவு செய்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஜேபெக்கில், அதாவது சுருக்கிச் சேமித்த சாதாரணப் படக் கோப்பில், ஒரு நிறத்துக்கு 256 படிநிலைதான், 14 பிட் ரா கோப்பில் 16,384, பனி மாதிரி மெல்லிய சாம்பல் நிறங்களை இழுத்துத் திருத்தும்போது ஜேபெக்கில் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். 6000க்கு 4000 புள்ளி உள்ள படம் என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 20 அங்குல அகலம் வரை தாராளமாகப் போகலாம். வெளிறியது சாதாரணச் சாய மையாக இருக்கும், அதிலும் வெயில் படும் சுவர் என்றால் சீக்கிரம் போய்விடும். பிக்மென்ட் மை, அமிலம் இல்லாத பருத்தித் தாள் என்று கேட்டு வாங்குங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துத் திருத்துங்கள், இல்லையென்றால் பிரிண்ட் இருட்டாக வரும். முதலில் சின்னதாக ஒன்று போட்டு, மண்டபத்து விளக்கிலேயே வைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் தாள் ஒட்டிக்கொள்ளும், நடுவே அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

லயத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்தத் துரு உங்கள் வீட்டுத் துரு இல்லை என்று படித்ததும் எழுந்துபோய் கார்டைத் தேடினேன். ரா கோப்பு அப்படியே இருக்கிறது. தட்டோடும் கம்பியோடும் போடுகிறேன். வேறு இரண்டு படத்தில் வானத்தைக் கறுப்பாக்கியிருக்கிறேன், அதைக் கீழே எழுதிவிடுகிறேன். இருட்டறை அண்ணா, ஈப்போவில் பருத்தித் தாளில் போட்டுத் தருகிற இடம் தெரியுமா?

இருட்டறை_அண்ணன்:
தெரியும். சனிக்கிழமை காலையில் கார்டை எடுத்துக்கொண்டு வா, நானே கூட வருகிறேன். முடிந்தால் தாத்தாவையும் கூட்டி வா.