‘கைமணம்’, ‘தேவாமிர்தம்’, ‘சுத்த சைவம்’: சாப்பாட்டுப் பேச்சில் உங்களுக்கு எரிச்சலூட்டும் சொல் எது?

மந்தைவெளிக்காரன்:
சென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே வாசகங்கள்தான். ‘பாட்டி கைமணம்’, ‘மண்மணம் மாறாத பாரம்பரிய சுவை’, ‘கெமிக்கல் கலக்காதது’. யூடியூபைத் திறந்தால், முதல் கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ‘தேவாமிர்தம்’ என்கிறார்கள். இட்லிக்கும் தேவாமிர்தம், பிரியாணிக்கும் தேவாமிர்தம், ரோஸ்மில்க்குக்கும் தேவாமிர்தம். சரி, அந்த இட்லி எப்படி இருந்தது? மாவு புளித்திருந்ததா? உளுந்து குறைந்து கல்லாகிவிட்டதா? சூடாகவாவது வந்ததா? பத்து நிமிடம் பார்த்தாலும் தெரிவதில்லை.

நம்மிடம் சொல் இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். முறுக்கு நமுத்துப்போகிறது, சாம்பார் ஊசிப்போகிறது, பால் திரிந்துபோகிறது, எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறது, கொப்பரை காறிப்போகிறது. கெட்டுப்போவதற்கே இத்தனை சொற்கள்! சாதம் உதிரியா குழைவா, பாகு கம்பிப்பதமா உருட்டுப்பதமா என்று அடுப்படியில் நின்றவர்கள் ஒரே சொல்லில் பேசிக்கொண்டார்கள். கேட்டவருக்கு என்ன செய்யவேண்டும் என்பதும் புரிந்தது. அதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு ‘தேவாமிர்தம்’ ஒன்றை வைத்துக் காலம் தள்ளுகிறோம்.

வேளச்சேரி மெஸ் அம்மா:
தம்பி, நான் மெஸ் நடத்துகிறவள். என் பலகையில் ‘வீட்டுமுறைச் சாப்பாடு’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அதை எடுக்கப்போவதில்லை.

என்னிடம் சாப்பிடுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் திருநெல்வேலி, சேலம், தர்மபுரி பக்கமிருந்து வந்து பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். பைக்கில் போகிற வேகத்தில் பலகையைப் படிக்க எவ்வளவு நேரம் இருக்கும்? ‘வீட்டுமுறை’ என்று பார்த்த உடனே அவர்களுக்கு விஷயம் புரிகிறது. பருப்பு சீக்கிரம் வேகவேண்டும் என்று சோடா உப்புப் போட்டிருக்காது, வனஸ்பதி இருக்காது, நேற்றுப் பொரித்த எண்ணெயில் இன்று அப்பளம் பொரித்திருக்காது, ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கலாம். இத்தனையையும் பலகையில் எழுத முடியுமா?

‘கைமணம்’ என்றால் உங்களுக்கு எரிச்சல். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கறிகாய் நறுக்குகிறவளுக்கு, சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு பையன் ‘அம்மா கைமணம்’ என்று சொல்லிவிட்டுப் போனால் அதுதான் அன்றைய கூலி.

பெரம்பூர் வேதியியல் ஆசிரியர்:
என்னைத் தொந்தரவு செய்யும் சொல் ‘கெமிக்கல்’. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். மஞ்சளின் நிறம் குர்குமின். மிளகாயின் எரிச்சல் கேப்சைசின். உப்பு, சோடியம் குளோரைடு. கெமிக்கல் இல்லாத சாப்பாடு என்றால் காலித் தட்டைத்தான் வைக்கவேண்டும்.

அஜினோமோட்டோ என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். அது குளூட்டமேட்டின் சோடியம் உப்புதான். 1908-இல் இகேதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். அதே குளூட்டமேட் நாம் ரசத்துக்குக் கரைக்கும் பழுத்த தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. என்ன பொருள், எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்கவேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். மெரினாவில் விற்றதை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தார்கள். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்தது. பொருளின் பெயர் தெரிந்ததால் நடவடிக்கை எடுக்க முடிந்தது. ‘கெமிக்கல் இருக்கிறது’ என்ற புகாரை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி என்ன செய்ய முடியும்?

அடையாறு வாசகி:
சார், வகுப்பில் நீங்கள் சொல்வது சரி. கடற்கரையில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு ரோடமின் என்ற பெயர் எப்படித் தெரியும்? அந்த மிட்டாயின் ரோஜா நிறத்தைப் பார்த்து ‘ஏதோ கெமிக்கல், வேண்டாம்’ என்று இழுத்துக்கொண்டு போனவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். ஆய்வக முடிவு வந்தது அதற்குப் பிறகு. பயத்தைச் சொல்ல மக்களுக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தைக் காட்டி அதைப் பிடுங்காதீர்கள்.

பெரம்பூர் வேதியியல் ஆசிரியர்:
அதே பயத்தை வைத்துத்தானே மேடம் ‘கெமிக்கல் இல்லாத’ சர்க்கரை என்று நாட்டுச் சர்க்கரையை மும்மடங்கு விலைக்கு விற்கிறார்கள்? சர்க்கரை நோயாளிகள் அதை நம்பிக் காபியில் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.

காசிமேட்டுப் பையன்:
நீங்கள் எல்லோரும் தாண்டிப்போன சொல் ஒன்று இருக்கிறது: ‘சுத்த சைவம்’. அதன் கூடவே ‘உயர்தர சைவ உணவகம்’. அவர்கள் சாப்பாடு சுத்தம் என்றால் எங்கள் வீட்டுச் சாப்பாடு என்ன? அவர்களுடையது உயர்தரம் என்றால் எங்களுடையது எந்தத் தரம்?

எங்கள் பக்கம் வந்து மீன் வாங்குகிற பெண்களைப் பாருங்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண் உள்வாங்கியிருந்தால் தொடக்கூட மாட்டார்கள். சதையை விரலால் அழுத்தி, குழி விழுந்து அப்படியே நின்றுவிட்டால் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சங்கராவை ஆய்ந்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை அலசுவார்கள். இதைவிடச் சுத்தம் என்ன வேண்டும்? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது ‘நீங்கள் சுத்த சைவமா?’ என்றுதான். நான் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அல்லிக்கேணி:
தம்பி, வீடு தராதது அநியாயம். அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் உணவக வாசலில் அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்படுகிறது. என் தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. முட்டை பொரித்த கல்லில் தோசை வார்த்தால் சாப்பிடமாட்டார். ‘சைவம்’ என்று மட்டும் போட்ட பல இடங்களில் அடுப்பும் கரண்டியும் பொதுவாக இருக்கின்றன. தனிச் சமையலறை உண்டு என்பதை ‘சுத்த சைவம்’ என்ற பலகை சொல்கிறது. யாரையும் தாழ்த்துவதற்காக நாங்கள் அதைத் தேடுவதில்லை.

காசிமேட்டுப் பையன்:
ஐயா, கடையில் விற்கும் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளி யாரையும் அசுத்தம் என்று சொல்வதில்லை. ‘இங்கே சைவம் மட்டுமே சமைக்கிறோம்’ என்று எழுதினால் உங்கள் தாயாரும் நிம்மதியாகச் சாப்பிடலாம், நானும் தலை நிமிர்ந்து உள்ளே போய் உட்காரலாம்.

கொளத்தூர் தோட்டக்காரி:
‘ஏழைகளின் ஆப்பிள்’! கொய்யாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆப்பிளில் 10 மில்லிகிராம்கூடக் கிடையாது. ஆப்பிளின் பெயரை ஏன் கொய்யா சுமக்கவேண்டும்? வேர்க்கடலை மட்டும் ஏன் ‘ஏழைகளின் பாதாம்’ ஆகவேண்டும்? அதை வறுத்துத் தின்கிறவன் முகத்தைப் பார்த்து ‘நீ ஏழை’ என்று சொல்வதை எப்படித்தான் பாராட்டு என்று நினைக்கிறார்களோ!

மந்தைவெளிக்காரன்:
மெஸ் அம்மாவுக்கு. உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. நீங்கள் உண்மையாகச் செய்கிறீர்கள். ஆனால் தொழிற்சாலையில் அரைத்துப் பொட்டலம் கட்டும் மாவிலும் ‘வீட்டில் செய்தது’ என்றுதான் போட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் விளம்பரங்களுக்காக 2018-இல் கொண்டுவந்த விதிமுறையைப் படித்துப் பாருங்கள். வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரக்கூடிய ‘வீட்டில் செய்தது’, ‘வீட்டில் சமைத்தது’ போன்ற தொடர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’, ‘அசல்’ ஆகியவற்றுக்கும் நிபந்தனைகள் உண்டு. எல்லோரும் எழுதி எழுதி, உங்களைப் போன்றவர்களின் உழைப்பைக் காட்டவேண்டிய சொல் உங்களுக்கே உதவாமல் போய்விட்டது. ‘சோடா உப்புப் போடுவதில்லை, எண்ணெயை மறுபடி காய்ச்சுவதில்லை’ என்று எழுதுங்கள். இரண்டு வரிதான். பைக்கில் போகிறவரும் படித்துவிடுவார்.

வேளச்சேரி மெஸ் அம்மா:
எழுதலாம். ஆனால் நீங்கள் சொல்லும் துல்லியமான சொல் எங்களை என்ன செய்கிறது என்பதையும் கேளுங்கள். போன கோடையில் ஒரு நாள் இரவு, பூசணிக் கூட்டு கொஞ்சம் ஊசிவிட்டது. பார்சல் வாங்கிய ஒரு பையன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்போன் செயலியில் ‘கூட்டு ஊசிப்போனது’ என்று எழுதிவிட்டான். இன்றைக்கும் என் மெஸ் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ‘சூப்பர்’ என்று எழுதுகிற நூறு பேரால் எனக்கு நஷ்டமில்லை. குறையை என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அடுத்த வேளையே திருத்திவிடுவேன். ஊருக்குப் பறைசாற்றாதீர்கள்.

மந்தைவெளிக்காரன்:
அம்மா, அந்த இரவில் அதே கூட்டை வாங்கவிருந்த அடுத்தவர் வயிற்றைப் பற்றியும் யோசிக்கவேண்டும். அவருக்கு அந்தச் சொல் அப்போதே தேவை. அந்தப் பையன் உங்களுக்கும் போன் செய்திருக்கவேண்டும், எந்தத் தேதி, எந்த வேளை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கவேண்டும். ஆனால் ‘ஊசிப்போனது’ என்று எழுதியதில் தவறில்லை.