மறு: காருக்குள் விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு: எச்சரிக்கையா, காவலா?

நண்பர்களுக்கு வணக்கம். காரின் திருட்டுத் தடுப்பு விளக்குகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை மொத்தமாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> "திருட்டு எச்சரிக்கை விளக்கு" என்றே வைத்துவிடலாம். எதற்கு இவ்வளவு யோசனை?

ஐயா, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. காரைப் பூட்டிவிட்டு இறங்கியதும் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஃபோக்ஸ்வேகன் மாதிரிச் சில வண்டிகளில் அது டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் இருக்கும். அது வண்டிக்காரரை எதற்கும் எச்சரிக்கவில்லை. ராத்திரி கூர்க்கா ஊதும் விசில் போலத்தான் அது. வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். திருட வந்தவன்தான் யோசிக்க வேண்டும். அதற்கு 'எச்சரிக்கை' என்று பெயர் வைத்தால், புதிதாகக் கார் வாங்கியவர் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவார். பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து ஃபியூஸைப் பிடுங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த விளக்கு இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பேட்டரி படுத்துவிட்டால், பழியை இதன் மேல் போட முடியாது.

ஆனால் இதே விளக்கோ, இதன் கூட்டாளியான சாவிப் படம் போட்ட விளக்கோ, சாவியைத் திருப்பிய பிறகும் எரிந்தால் கதை வேறு. டொயோட்டாவின் பல மாடல்களில் சிவப்பு விளக்கு வண்டி அணைந்திருக்கும்போது விட்டு விட்டு எரியும். சுவிட்சைப் போட்டதும் அணைந்துவிடும். அதுதான் சரியான நிலை. ஹோண்டாவில் பச்சைச் சாவி ஒன்று உண்டு. சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் எரிந்து அணைந்தால் நல்லது. அது விட்டு விட்டு எரிந்தால் 'இந்தச் சாவியை எனக்குத் தெரியாது' என்று அர்த்தம், வண்டி கிளம்பாது. பல சுசூகி வண்டிகளிலும் அப்படியே. ஆக, விளக்கு எரிவது நல்லதா கெட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. சாவி போடுவதற்கு முன்பா, பின்பா என்பதுதான் கேள்வி. மற்ற விளக்குகளுக்கு 'சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கவனி, பச்சை என்றால் சரி' என்று நாம் பழகியிருக்கும் கணக்கு இங்கே எடுபடாது. பச்சைச் சாவி மினுங்கும்போது நடுரோட்டில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

> அலாரம்தான் இருக்கிறதே, 'இம்மொபிலைசர்' என்று தனியாக ஒரு சொல் எதற்கு?

அலாரம் கத்தும், அவ்வளவுதான். வண்டியை எடுக்க விடாமல் செய்வது இன்னொன்று, அதுதான் இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் தரும் மின்காந்தப் புலத்திலேயே அது உயிர்பெற்று, தன் அடையாளத்தைச் சொல்லும். பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில். அடையாளம் பொருந்தாவிட்டால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிபொருளையோ தீப்பொறியையோ ஸ்டார்ட்டரையோ விடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் பேட்டரி தீர்ந்துவிட்டால், ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்களே, பல கார்களில் அந்த வித்தை வேலை செய்வது இந்தச் சிப்பால்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய அமெரிக்காவைப் பாருங்கள். ஜெர்மனி 1998-லும் கனடா 2007-லும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கின. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே விற்ற கியா, ஹூண்டாய் கார்களில், 2011 முதல் 2021 வரையிலான பல சாவி போடும் மாடல்களில் இது இல்லவே இல்லை. ஸ்டியரிங் உறையைப் பிய்த்து, யூஎஸ்பி ஒயரின் முனையால் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் வீடியோக்கள் 2022-ல் பரவின. 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் கொடுத்த மென்பொருள் மேம்படுத்தலில் அலாரம் 30 நொடியிலிருந்து ஒரு நிமிடமாக நீண்டது. அது மட்டும் போதுமென்று அவர்களும் நினைக்கவில்லை; முறையாகத் திறக்காத வண்டி கிளம்பாதபடியும் செய்தார்கள். கூடவே 'இதில் திருட்டுத் தடுப்பு இருக்கிறது' என்று சொல்ல ஜன்னலில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். மினுங்கும் விளக்கு செய்யும் வேலையைத்தான் அந்த ஸ்டிக்கரும் செய்கிறது.

> இம்மொபிலைசர் = அசைவுநீக்கி / நகராப்பொறி / எஞ்சின் பூட்டு

'அசைவுநீக்கி' வேண்டாம். இது பூட்டியிருக்கும் வண்டியையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம்; அசைவு எங்கே நீங்கியது? 'நகராப்பொறி' எலிப்பொறிக்குத் தம்பி மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். 'எஞ்சின் பூட்டு' எல்லோருக்கும் உடனே புரியும், எனக்கும் பிடித்தது. ஆனால் மின்காரில் எஞ்சின் கிடையாது. சொல் பிறக்கும்போதே பழசாகிவிடும். 'முடக்கி' போதும் என்பேன். கணினியில் ஏற்கெனவே 'முடக்கு, இயக்கு' என்று பழகிவிட்டோம். போக்குவரத்துப் போலீஸ் மாட்டுவது சக்கரப் பூட்டு, எனவே அதோடும் குழம்பாது. ஒர்க்‌ஷாப்பில் 'இம்மோ' என்றுதான் சொல்வார்கள், 'கீ மேட்ச் ஆகல' என்பார்கள். அவர்கள் வாயை நாம் மாற்றப் போவதில்லை. வண்டிக் கையேட்டில் அச்சாகும் சொல்லுக்குத்தான் இந்தப் பாடு.

> காவல் விளக்கு என்றால் போலீஸ் ஜீப்பின் விளக்கு நினைவுக்கு வராதா?

நல்ல கேள்வி. ஆனால் ஜீப்பின் மேல் இருப்பதைப் பத்திரிகைகள் 'சுழல் விளக்கு' என்றே எழுதி நிலைத்துவிட்டது. 'பாதுகாப்பு விளக்கு' என்றால் சீட் பெல்ட், ஏர்பேக் பக்கம் போய்விடும். 'காப்பு விளக்கு' என்பதில் கையில் போடும் காப்புதான் முதலில் தெரிகிறது. நான் 'காவல் விளக்கு' பக்கம்தான்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதையும் விட்டுவிடக் கூடாது. அங்கே ஓடும் கார்களில் நிறைய ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. கையேடு இருந்தாலும் ஜப்பானிய மொழியில். விளக்கின் அர்த்தத்தை வாய்மொழியாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அவருக்குச் சொல் பட்டியலைவிட நல்ல விளக்கம்தான் முக்கியம். அதனால் நம் சொல் பட்டியலில் இப்படி ஏற்றலாம் என்று நினைக்கிறேன்:

காவல் விளக்கு: வண்டி பூட்டியிருக்கும்போது விட்டு விட்டு எரிந்து, திருட்டுத் தடுப்பு இயங்குவதைக் காட்டுவது. சுவிட்சைப் போட்டதும் அணைய வேண்டும்.

முடக்கி விளக்கு: சாவியை வண்டி அடையாளம் கண்டதா என்று காட்டுவது. சுவிட்சைப் போட்டபின் அணையாமலோ மினுங்கியபடியோ இருந்தால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கவும்; அதிலும் கிளம்பாவிட்டால் பழுது பெரும்பாலும் வண்டிப் பக்கம்.

சில வண்டிகளில் ஒரே விளக்கே இரண்டு வேலையும் பார்க்கும். அங்கே 'காவல் விளக்கு' என்றே இருக்கட்டும்.

மினுங்குதல், சிமிட்டுதல், விட்டு விட்டு எரிதல் மூன்றில் எதை வைப்பது என்பது மட்டும் பாக்கி. 'சிமிட்டுதல்' கண்ணுக்குப் போய்விடுகிறது. 'மினுங்குதல்' நகைக்கும் பொருந்துகிறது. நான் 'விட்டு விட்டு எரிதல்' என்பேன், நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் என்ன சொல்கிறீர்கள்?